முதல் உலகப்போர்: தேதிகள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன

கேள்வி: பத்தாம் வகுப்பு. சரயேவோ கொலை (ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுடப்பட்டது) 1914 ஜூன் 28, போர் ஜூலை 28. நடுவில் ஒரு மாதம் என்ன செய்தார்கள்? இத்தாலி ஏன் சொந்தக் கூட்டாளிகளோடே மோதியது? ‘அக்டோபர்’ புரட்சி எப்படி நவம்பரில் வந்தது?

பதில் 1: தேதியை மட்டும் உருப்போட்டால் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். ஜூலை 5, 6: ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி நிபந்தனையற்ற ஆதரவு தருகிறது. ஜூலை 23: அந்தத் தெம்பில் ஆஸ்திரியா, தன் நிபந்தனைகளை ஏற்கச் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதிக்கிறது. செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்றும் 28இல் போர். செர்பியாவுக்காக ரஷ்யா 30இல் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட, ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி அதன் மீது போர் தொடுக்கிறது. பிரான்ஸ் ரஷ்யாவின் கூட்டாளி. அதனால் ஆகஸ்ட் 3இல் அதன் மீதும். 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, அதன் நடுநிலைக்கு 1839இல் உறுதி தந்திருந்த பிரிட்டனும் இறங்குகிறது. ‘கொலைதான் காரணம்’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். அது உடனடிக் காரணம்.

பதில் 2: ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் இத்தாலி சேர்ந்த 1882 உடன்படிக்கை தற்காப்புக்கானது. தாக்குதலை ஆஸ்திரியாவே தொடங்கியதால் இத்தாலி முதலில் நடுநிலை வகித்தது. 1915 ஏப்ரலில் லண்டன் இரகசிய உடன்படிக்கையில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா தரப்பினர் ஆஸ்திரிய நிலப்பகுதிகள் தருவதாக ஆசை காட்டினார்கள். மே மாதம் இத்தாலி ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. ஜெர்மனி மீது அறிவித்தது 1916 ஆகஸ்டில்தான். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

பதில் 3: புரட்சிக்குக் காரணம் லெனின், குழப்பத்துக்குக் காரணம் நாட்காட்டி :) ரஷ்யாவின் பழைய நாட்காட்டி அப்போது 13 நாள் பின்தங்கியிருந்தது. அங்கே 1917 அக்டோபர் 25 என்றால் மற்ற பெரும்பாலான நாடுகளில் நவம்பர் 7. பிப்ரவரிப் புரட்சி மார்ச்சில் வருவதும் இதனால்தான்.

பதில் 4: இன்றைய வரைபடத்தில் குறித்துப் பழகாதீர்கள். 1914இல் போலந்து என்ற நாடே இல்லை. ஜெர்மனியும் ரஷ்யாவும் நேரடியாக எல்லையைப் பகிர்ந்தன. பிரான்ஸ் 1871இல் இழந்த அல்சேஸ்-லொரைன் பகுதி ஜெர்மனி வசம். இது தெரிந்தால்தான் பிரான்சின் கோபம் புரியும். சென்னையை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் தாக்கியது 1914 செப்டம்பர் 22. ஒரு மதிப்பெண் கேள்வியாக வரலாம்.

கேட்டவர்: நன்றி. ஜெர்மனியுடன் போரை முடித்த வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் தேதிதான் இன்னும் உதைக்கிறது.

பதில் 1: 1919 ஜூன் 28. சரயேவோ தேதியேதான், சரியாக ஐந்து ஆண்டு கழித்து.