கலைச்சொல்: 'ஆக்கிரமிக்கப்பட்ட கட்டடம்' வேண்டாம், 'புழங்குகட்டடம்' என்று எடுப்போமா?

அன்பின் நண்பர்களுக்கு,

வளிச்சீராக்கல் (ஏசி) வேலை பழகும் பிள்ளைகளுக்காக நாங்கள் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அறிவுறுத்தல் தாளில் ஒரு சொல் இரண்டு நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் உள்ளக விளையாட்டரங்கை விரிவாக்கும் வேலைதான் அதில் எடுத்துக்காட்டு. அரங்கைப் பூட்டவில்லை, ஒரு பக்கம் மாணவர்கள் பந்து விளையாட, சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பந்தகாரர் புதுக் குளிர்நீர்க் குழாயும் காற்று போகும் டக்டும் பூட்டுகிறார். இப்படி ஆள் இருக்க இருக்க வேலை நடக்கும் கட்டடத்தை ஆங்கிலத்தில் 'ஒக்கியுபைட்' என்பார்கள். முதல் வரைவில் அது 'ஆக்கிரமிக்கப்பட்ட கட்டடம்' என்று வந்திருக்கிறது.

அகராதி அப்படித்தான் சொல்லும், எழுதியவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தாளை முல்லைத்தீவில் ஒரு பெடியனிடம் கொடுத்துப் பாருங்கள். கேப்பாப்புலவுச் சனம் 2017 இல் இராணுவம் பிடித்துவைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு மாதக்கணக்கில் தெருவோரம் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவன். அந்தச் சொல்லைக் கண்டதும் அவன் மனதில் வருவது முட்கம்பியும் காவலரணும்தான். வன்னியில் அந்தச் சொல்லை ஒரு விளையாட்டரங்குக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

'பாவனையிலுள்ள கட்டடம்' போதுமே என்று வவுனியாவிலிருந்து அண்ணா எழுதியிருந்தார். பயன்பாடு என்ற பொருளில் எங்கள் வாயில் வருகிற சொல், நானும் முதலில் அதையே எழுதினேன். ஆனால் தமிழகத்தில் பாவனை என்றால் நடிப்பு, பாசாங்கு. அங்குள்ளவர் பொய்க்கட்டடம் என்று நினைத்தாலும் நினைப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், சாமான் அடுக்கிய களஞ்சிய அறையும் பாவனையில் உள்ளதுதான். எங்களுக்கு வேண்டியது உள்ளே மூச்சுவிடும் ஆள் இருக்கிறார் என்று சொல்லும் சொல்.

வேலைமுறையே அதனால்தான் மாறுகிறது. வெட்டித் துளைக்கும் பகுதியை மறைப்புக் கட்டிப் பிரித்து, அங்குள்ள காற்றை விசிறியால் வெளியே இழுத்து, அழுத்தத்தை அரங்கில் உள்ளதைவிடக் குறைவாக வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் தூசி விளையாடுகிறவர் பக்கம் போகாது. காற்று திரும்பிப் போகும் டக்ட் வாய்களை மூட மறந்தால் பழைய டக்டே அந்தத் தூசியை எடுத்துக் கட்டடம் முழுக்கப் பரப்பிவிடும். புதுக் குழாயை வெல்டிங் கசடு போகக் கழுவி, பழைய லைனோடு இணைப்பதை இரவிலோ விடுமுறையிலோ வைத்துக்கொள்வார்கள். நான் வேலை செய்த ஓரிடத்தில் பழைய வால்வு முழுதாக மூடுமா என்று யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. விடியும்வரை தண்ணீர் அள்ளினோம், ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்கிற சொல்தான் வேண்டும் என்கிறேன்.

அதனால் என் முன்மொழிவு 'புழங்குகட்டடம்'. குடிநீர், சுடுநீர் போல வினைத்தொகை. ஆள் புழங்குகிற இடம், ஆள் புழக்கமில்லாத வீடு என்று ஊரில் சொல்வதுதானே. ('குடியிருக்கும் கட்டடம்' சரிவராது, அரங்கில் யாரும் படுத்தெழும்புவதில்லை.) கிளைச்சொற்களும் சுலபமாக வருகின்றன: ஆள் இருக்கும் நேரம் புழங்குநேரம், உள்ளே இருப்பவர் புழங்குநர், அவர்களின் எண்ணிக்கை புழங்குதொகை. குளிரூட்டல் கணக்குக்கு இவை மூன்றும் வேண்டும். கதிரையில் இருந்து எழுதுகிற ஒருவர் விடும் வெப்பத்தைச் சுமார் 130 வாட் என்றும், ஓடி விளையாடுகிறவருக்கு ஏறத்தாழ 525 வாட் என்றும் எடுப்பார்கள். அந்த 525 இலும் ஐந்தில் மூன்று பங்கு வியர்வை ஈரமாகவே காற்றில் சேர்கிறது. ஆகவே புழங்குதொகையோடு புழங்குநர் என்ன செய்கிறார் என்பதையும் தாளில் எழுதவேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறவர்களுக்குப் பாடமொழி ஆங்கிலம், அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். ஏணியில் நின்று டக்ட் பூட்டுகிறவனுக்கு இந்தத் தாள் ஒன்றுதான் கையில் இருக்கும்.

இப்போதைக்கு முதல் வரியை இப்படி வைத்திருக்கிறேன்: 'இது புழங்குகட்டடம். புழங்குநேரத்தில் எந்த வால்வையும் கேட்காமல் மூடாதே, திறவாதே.' இதைவிட நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.