எடை ஏறாமல் இருக்க: தராசா, பசியா?

அளவுக்கரண்டி:
மூன்று வருடமாக என் எடை ஏறவில்லை. காரணம் சமையலறைத் தராசு. கண்ணளவை நம்பிய காலத்தில் "ஒரு கரண்டி எண்ணெய்" என்று நான் ஊற்றியதை ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். மூன்று கரண்டி இருந்தது. பெரிய கரண்டி ஒன்றுக்கே சுமார் 120 கலோரி. பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

மாலைநடை:
நானும் ஆறு மாதம் தராசு வைத்துச் சாப்பிட்டவள்தான். எடை குறைந்தது, உண்மை. ஆனால் இரவு 11 மணிக்கு விளக்கைக்கூடப் போடாமல், பாத்திரத்தோடு நின்றுகொண்டே அள்ளிச் சாப்பிட்ட நாட்களும் அதே ஆறு மாதத்தில்தான். அதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம்தான் 2011இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 50 பேரைச் சேர்த்து, 10 வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பழைய நிலைக்கு இறங்கவில்லை, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் பழைய நிலைக்கு ஏறவில்லை. உடம்பே பசியைக் கூட்டும்போது அதைத் தராசு அடக்குமா?

அளவுக்கரண்டி:
அதே ஆய்வு என் பக்கமும் பேசுகிறதே! எடை குறைந்தவருக்குப் பசி கூடுதலாகவே காட்டும் என்றால், அந்தப் பசியை நம்பிச் சாப்பிட்டால் இழந்த எடை திரும்பாதா?

மாலைநடை:
சரி, நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு பசியை நம்பச் சொல்லவில்லை. பசி எதில் அடங்குகிறது என்று பாருங்கள் என்கிறேன். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது: 20 பேர், ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், பதப்படுத்தாத உணவு இரண்டு வாரம். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உள்ளே போனது, வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடையும் ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் இறங்கியது. யார் கையிலும் தராசு இல்லை.

இரவுப்பணி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சிறிய தட்டு வாங்கினால் போதும் என்றார்கள், வாங்கினேன். இப்போது இரண்டாம் முறையும் போட்டுக்கொள்கிறேன். இரவு வேலை முடிந்து நாலு மணி நேரம்தான் தூக்கம். அன்றெல்லாம் வயிறு நிறைந்தாலும் வாய் தேடுகிறது.

மாலைநடை:
சிறிய தட்டைப் பெரிதாகப் பேசிய அமெரிக்க உணவுப் பழக்க ஆய்வாளர் பிரையன் வான்சிங்கின் பல கட்டுரைகள் 2018இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டன, அதை நம்பி மனம் உடைய வேண்டாம். உங்களுக்கு முதல் சிக்கல் தூக்கம் என்று தோன்றுகிறது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அது உங்கள் தவறல்ல. காய்கறி, பருப்பு, முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுமுறை போடலாமா என்று பாருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அளவுக்கரண்டி:
காய்கறியை நான் நிறுப்பதில்லை, அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் எண்ணெய், கொட்டைப் பருப்புகள், இனிப்பு ஆகியவற்றில் கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாலைநடை:
எண்ணெய்க்கு ஒத்துக்கொள்கிறேன், நாளையே நிறுத்துப் பார்க்கிறேன். ஆனால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பிலேயே தவிப்பவர்கள் கையில் தயவுசெய்து தராசைக் கொடுக்காதீர்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. அந்த இருட்டில் நின்று சாப்பிட்டவள் சொல்கிறேன்.