தம்பி பேண்ட்டில் மாத்திரை அட்டையும் சிரிஞ்சும்

கவலையில் ஒரு அக்கா:
தம்பிக்கு 19 வயசு. இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேங்கிறான். பேசிட்டு இருக்கும்போதே தூங்கி விழறான். துவைக்கப் போட்ட பேண்ட்ல காலி மாத்திரை அட்டை, 'டாபென்டடால் 100'னு போட்டிருக்கு. கூட ஒரு சிரிஞ்சு. கேட்டா முதுகு வலின்னு சொல்றான். நம்பலாமா?

செல்வி நர்ஸ்:
நம்பாதீங்கம்மா. முதுகு வலிக்கு மாத்திரையை முழுங்கினா போதும், சிரிஞ்சு எதுக்கு? இது ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி போதை தர்ற வலி மாத்திரை. பொடிச்சு, சலைன்ல கரைச்சு நரம்புல ஏத்திக்கிறாங்க. மாத்திரையில சேர்க்கிற மாவு முழுசாக் கரையாது, அது ரத்தக்குழாயை அடைக்கும். எங்க வார்டுக்கு வர்ற பசங்களுக்கு முழங்கை மடிப்புல நரம்பு கறுத்து இறுகிக் கிடக்கும், ரத்தம் எடுக்க இடம் தேடணும். ஊசியைப் பங்கு போட்டா எச்ஐவி, ஹெபடைடிஸ் சிங்கிற கல்லீரல் நோய் எல்லாம் தொத்தும்.

மங்கின வெளிச்சத்துலயும் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியே இருக்கான்னு பாருங்க. மாத்திரை கிடைக்காத நாள்ல மூக்கு ஒழுகும், ஓயாம கொட்டாவி வரும், வயிறு போகும்.

மெடிக்கல் முருகன்:
டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மாத்திரை இது. எங்க வாங்கினான்னு விசாரிங்க.

கவலையில் ஒரு அக்கா:
அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பார். ரூம்ல பூட்டி வெச்சா சரியாகுமா?

செல்வி நர்ஸ்:
வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாள் நிறுத்தினாலே உடம்போட தாங்கும் சக்தி குறைஞ்சிடும். வெளிய வந்து பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும். எழுப்பியும் எழலைன்னா, உதடு நீலமானா, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு உடனே 108. இப்போதைக்கு போதைப் பழக்கத்துல இருந்து மீள உதவுற 14446 எண்ணுக்குப் போன் பண்ணுங்க, இலவசம்தான். அடிக்காம, திட்டாம அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. அட்டையையும் எடுத்துட்டு வாங்க.