ஆடி விதைப்புக்கு முன்னால் மண் அரிப்பு: உடைந்த வரப்பை மட்டும் கட்டினால் போதுமா?

செவக்காட்டான்:
உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் செவக்காடு, மானாவாரி. ஆடியில் நிலக்கடலை போட வேண்டும். போன வாரக் கோடை மழைக்கு மறுநாள் காட்டைச் சுற்றி வந்தேன். மேல்வரப்போரம் சரளைக் கற்கள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் உயரத்துக்கு மண் காலில் நிற்கின்றன. கல்லுக்கு அடியில் இருந்த மண் மட்டும் தங்கியிருக்கிறது, சுற்றி இருந்ததெல்லாம் போய்விட்டது. அப்பா நட்ட வேம்பின் வேர் நாலு விரற்கடை வெளியே தெரிகிறது. கீழ்மூலையில் வரப்பு உடைந்து கிடக்கிறது. அங்கே கால் வைத்தால் கணுக்கால் வரை வண்டலில் புதைகிறது. அந்த மூலையில் மட்டும் கடலை நன்றாக விளையும். அது மேல்காட்டு மண் என்று இப்போதுதான் உறைக்கிறது, மனசு ஆறவில்லை.

வரப்பைக் கட்டிவிட்டு உழலாமா? டிராக்டர்க்காரர் மேலிருந்து கீழாக ஓட்டினால்தான் திருப்ப வசதி என்கிறார்.

பேரையூர் கரிசல்:
அண்ணே, முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடுத்த மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு காட்டிலேயே நில்லுங்கள். நாங்கள் வருடா வருடம் கீழ்வரப்பையே கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் வண்டிப்பாதைத் தண்ணீர் முழுக்க எங்கள் காட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மேலே வாய்க்கால் வெட்டி ஓடைக்குத் திருப்பிய பிறகுதான் உடைப்பு நின்றது. கீழ்மூலையை மண்ணால் அடைத்தால் ஐப்பசியில் மறுபடி போய்விடும். கல் அடுக்குங்கள். தண்ணீர் வழிந்து போகும், மண் தங்கும்.

மேலூர்க்காரி:
தம்பி, ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே 4 கன மீட்டர், ஏறக்குறைய 5 டன். நீங்கள் சொல்வது நகம் உயரம்! மேலிருந்து கீழே உழவே உழாதீர்கள், அந்தச் சால் மழையில் வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதும். வரப்பில் கொழுக்கட்டைப் புல் விதையுங்கள், வேர் மண்ணைப் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும். அப்புறம், அந்த மூலை வண்டலை அள்ளி மேலே போடுங்கள், அது உங்கள் மண்.

செவக்காட்டான்:
நேற்று சாயங்கால மழையில் நின்று பார்த்தேன். மேல்வரப்பில் இரண்டு எலி வளை. அது வழியாகத்தான் பக்கத்துக் காட்டுத் தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்குகிறது. அந்தக் காட்டு மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன், அவர் மண்ணும்தானே போகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் டியூப் வைத்து மட்டம் பார்க்கிறோம். குறுக்கே ஓட்ட டிராக்டர்க்காரர் மணிக்கு நூறு ரூபாய் கூடக் கேட்கிறார். சரி, கொடுத்துவிடுகிறேன்.