முற்போக்குக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் முதல் வரி எது?

வைகைக்கரை:
எந்தக் கட்சி மகளிர் உரிமைத்தொகையை எவ்வளவு ஏற்றும் என்பதிலேயே எல்லாப் பேச்சும் முடிந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்த 1000 ரூபாயை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிற கட்சியிடம் நான் தேடும் முதல் வரி வேறு. குப்பை அள்ளுகிறவர், சாக்கடை வேலை பார்க்கிறவர் ஒருவர்கூட கான்ட்ராக்டரிடம் இருக்கக் கூடாது, மாநகராட்சியும் நகராட்சியும்தான் நேரடியாகச் சம்பளம் தர வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தது இதற்காகத்தான். நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள்.

கணக்கப்பிள்ளை:
ஆசை நல்ல ஆசைதான். காசு? ஒரு கோடிப் பெண்களுக்கு மாதம் 1000 என்றாலே வருஷத்துக்கு 12 ஆயிரம் கோடி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தன் விருப்பப்படி கைவைக்க மிஞ்சியிருப்பது மது, பெட்ரோல் டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி போலச் சிலதான். 2023-24இல் டாஸ்மாக் கொடுத்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல். உங்கள் அறிக்கையில் மதுக்கடையை மூடுவோம் என்றும் ஒரு வரி இருக்குமே?

வைகைக்கரை:
பணக்காரர்களின் சொத்துக்கும் வாரிசுகளுக்கும் வரி போடட்டும்.

கணக்கப்பிள்ளை:
வாரிசுச் சொத்து மீதான வரியை ஒன்றிய அரசு 1985இலேயே எடுத்துவிட்டது. செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போயிற்று. விவசாய நிலம் தவிர மற்ற சொத்துகள் மீதான இந்த வரிகளெல்லாம் ஒன்றிய அரசு மட்டுமே சட்டம் போடக்கூடிய ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் இதை எழுதுவது ஜனங்களை ஏமாற்றுவது. மாநிலத்தின் கையில் இருப்பது வீடு, கட்டிடங்களுக்கான சொத்து வரி. 2022 ஏப்ரலில் அதை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றியபோது கிளம்பிய கூச்சல் நினைவிருக்கிறதா? பெரிய வீட்டுக்காரர்தான் அதிகம் கட்டப்போகிறார் என்று எடுத்துச் சொல்ல ஆளே இல்லை.

தேன்மொழி:
கணக்கப்பிள்ளை சார், ஒரு ரூபாய்கூடக் கேட்காத விஷயம் ஒன்று சொல்லட்டுமா? ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம். இந்தியச் சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் வரைவே எழுதிக் கொடுத்துவிட்டது. 2016இல் உடுமலை பேருந்து நிலையம் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியதை நாடே கேமராவில் பார்த்தது. அதற்குப் பிறகும் மாறி மாறி ஆண்டவர்கள் சட்டம் கொண்டுவரவில்லை. ஓட்டுக் கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை:
கொலைக்குத்தான் சட்டம் இருக்கிறதே. வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் 2022இல் ஆயுள் தண்டனையும் கிடைத்தது. 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில், இந்தத் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓர் ஆணையமும் அறிவித்தார்கள்.

தேன்மொழி:
கோகுல்ராஜ் பட்டியல் சாதி என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைகொடுத்தது. பெண்ணும் பையனும் இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகள் என்றால் அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. இருக்கிற கொலைச் சட்டமோ பிணம் விழுந்தபின் வேலை செய்கிறது. நான் கேட்பது அதற்கு முந்தைய கட்டத்துக்கு. ஸ்டேஷனுக்கு ஓடிவரும் ஜோடியைப் பெற்றோரிடம் "சமாதானமாக" ஒப்படைக்கும் போலீஸ்காரருக்கு என்ன தண்டனை? கல்யாணத்தைப் பிரிக்க ஊர்க்கூட்டம் போடுகிறவர்களுக்கு என்ன? தங்க வைக்கும் இல்லம் எங்கே?

கணக்கப்பிள்ளை:
இல்லம் என்றால் அதற்கும் காசுதான் அம்மா 😀 சரி, கிண்டலுக்குச் சொன்னேன். சட்டம் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வைகைக்கரை:
எல்லாரும் என்னுடைய முதல் வரியை மெதுவாக நகர்த்திவிட்டீர்கள். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தால் 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதே 2013 சட்டப்படி குற்றம். கான்ட்ராக்டர் இருக்கும் இடத்தில் யார் இறக்கினார் என்பதிலேயே வழக்கு இழுத்துக்கொண்டு போகும், மாநகராட்சி கையை விரிக்கும். நேரடி வேலை கேட்பது பென்ஷனுக்காக மட்டுமில்லை, பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான். அதோடு அந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று பாருங்கள். தேன்மொழி சொல்வதும் நான் சொல்வதும் ஒரே சாதிப் பிரச்சினைதான்.

கணக்கப்பிள்ளை:
அதெல்லாம் சரி. சொத்து வரியை யாருக்கு, எத்தனை சதவீதம் ஏற்றுவீர்கள் என்று அதே அறிக்கையில், அதே பக்கத்தில் எழுதத் தயாரா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் கான்ட்ராக்டரை எடுப்பது பற்றிப் பேசுவோம்.