எண்ணெய் மின்னும் காப்பிக் கொட்டைதான் எஸ்பிரெசோவுக்கு ஏற்றதா?

நுரையளந்தான்:
"நல்ல எஸ்பிரெசோ கொட்டை எண்ணெய் பூசியதுபோல் மின்ன வேண்டும், அந்த எண்ணெய்தான் கோப்பையில் நுரையாக எழுகிறது" என்று கருங்கொட்டை ஐயா இன்னொரு திரியில் புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால் தனித் திரி தொடங்குகிறேன். புதியவர்களுக்காக: எஸ்பிரெசோ என்பது வெந்நீரை அழுத்தத்தோடு காப்பிப்பொடிக்குள் செலுத்தி இறக்கும் காப்பி.

வறுக்கும்போது கொட்டை இரண்டாம் முறை படபடவென வெடிக்கும் கட்டத்தைத் தாண்டினால் கொட்டையின் உள்ளறைச் சுவர்கள் உடைந்து எண்ணெய் வெளியே கசிகிறது. நடுத்தரமாக வறுத்த கொட்டையும் வாரக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுக்கும். ஆக, அந்த மினுமினுப்புக்கு இரண்டே காரணங்கள்தான்: கொட்டை கருக வறுபட்டிருக்கும், அல்லது பழையதாக இருக்கும். வெளியே வந்த எண்ணெய் காற்றுப் பட்டால் காறிப்போகும். இதையா புதியவர்கள் தேடி வாங்க வேண்டும்?

கருங்கொட்டை:
என் பெயரை இழுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தம்பி. நீங்கள் இந்த மன்றத்தில் சேர்வதற்கு முன்பே வீட்டில் எஸ்பிரெசோ இறக்கிக்கொண்டிருந்தவன் நான். கருக வறுத்தால் புளிப்பு அடங்கும், சாரம் எளிதில் கரையும். வீட்டு இயந்திரத்தில் நீரின் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சுவை கெடாது. உங்கள் இளவறுவல் கொட்டையை அதே இயந்திரத்தில் போட்டால் எலுமிச்சைச் சாறு குடித்த முகம்தான் மிஞ்சும். மின்னும் கொட்டையில் நுரை தடிமனாக நிற்கிறது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நுரையளந்தான்:
புளிப்பையும் வெப்பத்தையும் பற்றி யார் கேட்டார்கள்? நான் கேட்டது எண்ணெயை. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு சிறைப்படுகிறது. சுமார் 9 பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் பாயும் வெந்நீரில் அது கரைந்து வருகிறது. கோப்பையில் விழும்போது அழுத்தம் நீங்கிக் குமிழியாகிறது. நுரை என்பது இதுதான். எண்ணெய் அந்தக் குமிழிகளைத் தாங்காது, உடைக்கவே செய்யும்.

இதற்குப் பதில் சொல்லுங்கள். காப்பியில் அராபிகா, ரோபஸ்டா என இரண்டு முக்கிய இனங்கள். அராபிகாவில் கொழுப்பு ஏறத்தாழ 15 சதவீதம். ரோபஸ்டாவில் ஏறத்தாழ 10. எண்ணெய்தான் நுரை என்றால், எண்ணெய் குறைந்த ரோபஸ்டா ஏன் அதிக நுரை தருகிறது?

புதுக்கோப்பை:
வணக்கம். அரைப்பான் சேர்ந்தே வரும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெரும்பாலும் பால் சேர்த்துத்தான் குடிப்போம். எந்தக் கொட்டை வாங்கலாம்?

மாலைத்துளி:
புதுக்கோப்பை, இவர்கள் இருவரும் இன்று உங்களுக்குப் பதில் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். பொட்டலத்தில் வறுத்த தேதி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "இதற்குள் பயன்படுத்தவும்" என்ற தேதி மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். நடுவறுவலில் தொடங்குங்கள். வறுத்து ஒரு வாரமாவது ஆறியிருந்தால் நல்லது. அதற்கு முன் வாயு மிகுதியால் நீர் தாறுமாறாகப் பாயும். பாலுக்குப் பிரேசில் கொட்டை இசைவானது, கொட்டைப்பருப்பும் சாக்லேட்டும் கலந்த சுவை பாலில் அமுங்காது. கொஞ்சம் நல்ல ரோபஸ்டா கலந்த கலவையும் பொருந்தும். பூமணம் வீசும் எத்தியோப்பிய இளவறுவலைக் கை பழகியபின் வாங்குங்கள். அது அடர்த்தியான கொட்டை, இன்னும் நைசாக அரைக்க வேண்டும். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் பானம், 25 முதல் 30 நொடிக்குள். மற்றதை உங்கள் நாக்கே சொல்லும்.

எண்ணெய் வடியும் கொட்டையை மட்டும் அந்த அரைப்பானில் போடாதீர்கள். அடைத்துக்கொண்டால் பிரித்துத் துடைப்பது பெரும்பாடு.

நுரையளந்தான்:
மாலைத்துளி சொன்னதை எல்லோரும் கவனியுங்கள். அரைப்பானும் கெடும்! எண்ணெய்க் கொட்டைக்கு இன்னும் என்ன பெருமை பாக்கி இருக்கிறது?

கருங்கொட்டை:
என் அரைப்பான் ஒருநாளும் அடைத்ததில்லை. வாரந்தோறும் தூரிகையால் துடைப்பவனுக்கு அடைக்காது. சோம்பேறித்தனத்துக்குக் கொட்டையைக் குறை சொல்லாதீர்கள். மாலைத்துளி அம்மா, பொடியை அழுத்தும் விசை பற்றிய திரியிலும் நீங்கள் இவர் பக்கம்தான் நின்றீர்கள், மறக்கவில்லை.

மாலைத்துளி:
அந்தத் திரியிலும் பதில் சொல்லாமல் போனவர் நீங்கள்தான், ஐயா. நான் யார் பக்கமும் இல்லை.

பித்தளைக்குழாய்:
தென் இத்தாலியில் இன்றும் கருக வறுத்த, ரோபஸ்டா கலந்த கொட்டைதான் வழக்கம். 1901-இல் பெட்சேரா எஸ்பிரெசோவைக் கண்டுபிடித்த நாட்டுக்காரர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

நுரையளந்தான்:
முதலில் வரலாற்றைச் சரியாகச் சொல்லுங்கள். 1884-இல் இத்தாலியின் துரினில் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர் மொரியோந்தோ. பெட்சேரா பின்னால் வந்தவர். அந்தக் கால நீராவி இயந்திரங்களில் அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான், இன்று நாம் பார்க்கும் நுரையே அவற்றில் கிடையாது. இத்தாலியர் காஜ்ஜா 1938-இல் காப்பி இறக்கும் புதிய முறைக்குக் காப்புரிமை கேட்டார். போருக்குப் பின் அவருடைய நெம்புகோல் இயந்திரம் வந்தது. அதன் பிறகுதான் நுரை. அழுத்தம் கூடியதும் நுரை வந்தது. கொட்டையின் எண்ணெயா கூடியது?

பித்தளைக்குழாய்:
மொரியோந்தோவின் இயந்திரம் மொத்தமாகக் காய்ச்சுவதற்கு. கோப்பை கோப்பையாக இறக்கித் தந்தது பெட்சேராவின் இயந்திரம். அரைகுறையாகத் திருத்த வேண்டாம்.

நுரையளந்தான்:
மொத்தமோ சில்லறையோ, 1884 என்பது 1901-க்கு முந்தியது. பேச்சை மாற்றாதீர்கள். ரோபஸ்டா கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கருங்கொட்டை:
நான் வாங்கும் இடத்தில் அன்று வறுத்ததை அன்றே தருவார்கள். கறுத்து மின்னும். வீட்டுக்கு வந்ததும் அரைத்து இறக்கினால் நுரை விரல் தடிமனுக்கு நிற்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தம்பி.

நுரையளந்தான்:
அன்றே வறுத்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்! வாயு வெளியேறாத கொட்டையில் நுரை பொங்கத்தான் செய்யும். அது சற்று நேரத்தில் கலைந்தும் போகும். அதே கொட்டையை இரண்டு மாதம் திறந்து வையுங்கள். எண்ணெய் முன்னிலும் அதிகமாக மின்னும், நுரை எழாது. எண்ணெய் காரணமென்றால் எழ வேண்டுமே?

கருங்கொட்டை:
வாயுவும் உண்டு, யார் இல்லை என்றது? வாயு மட்டும் போதாது என்கிறேன். எண்ணெயில்லாத நுரைக்குக் கனமே இருக்காது.

புதுக்கோப்பை:
மாலைத்துளி அவர்களுக்கு மிக்க நன்றி. ஆறியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

பித்தளைக்குழாய்:
வைக்கவே கூடாது. மணம் போய்விடும்.

மாலைத்துளி:
அடிக்கடி திறந்து மூடினால்தான் கெடும். காற்றுப் புகாமல் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி உறைநிலைப் பெட்டியில் தாராளமாக வைக்கலாம்.

பித்தளைக்குழாய்:
உறைய வைத்த கொட்டையை நான் தொடமாட்டேன். அதற்குத் தனித் திரி தொடங்குங்கள், அங்கே பேசிக்கொள்ளலாம்.

கருங்கொட்டை:
நாளைக் காலை என் கோப்பையைப் படம் எடுத்துப் போடுகிறேன். நுரையைப் பார்த்துவிட்டு எல்லோரும் பேசுங்கள்.

நுரையளந்தான்:
நுரை இருக்கிறது என்பதற்குப் படம் எதற்கு? நான் கேட்பது அது எதனால் என்று. படத்தோடு இதற்கும் பதில் எழுதுங்கள், மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: எண்ணெய் குறைந்த ரோபஸ்டாவில் ஏன் நுரை அதிகம்?