புதுப்பிப்பு: மெமரி வேகம் கூட்டினால் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மதிப்பெண் குறைந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. என் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டில் மெமரி வேகத்தை +900 மெகாஹெர்ட்ஸ் ஏற்றியும், ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டும்) மென்பொருளிலேயே உள்ள பெஞ்ச்மார்க்கில் மதிப்பெண் இறங்குகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

"திரை உறையும்வரை ஏற்றாதே தம்பி, மதிப்பெண்ணைப் பார்த்து நிறுத்து" என்று சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் ஓர் அண்ணன் சொன்னதுதான் பலித்தது. இந்தக் கார்டில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரியில் பிழை வந்தால் கார்டு உடனே நின்றுவிடாது; அதே தரவை மறுபடி அனுப்பும். நேரம் அதில்தான் போயிருக்கிறது. 50, 50-ஆகக் குறைத்துக்கொண்டே வந்தேன். +450-இல் உச்சம். அந்த மதிப்பெண்ணை ஆன்லைனிலும் ஏற்றிவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: மத்தியானம் ஏர்கோன் போடாமல் ஓட்டினால், அதே செட்டிங்கில் கோர் (கார்டின் முக்கியச் சிப்) வேகம் 30 மெகாஹெர்ட்ஸ் குறைகிறது. சூடு ஏற ஏற கார்டு தானாகவே 15, 15-ஆக இறக்கிக்கொள்கிறது. அதனால் இப்போது ராத்திரியில், ஏர்கோன் 25 டிகிரியில் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.